ஜெக்கரியாவின் சொந்தக் குதிரை

கூத்தாநல்லூர் ஜெக்கரியா இருபத்தோரு வருஷம் அபுதாபிக்கு வெளியே ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். முப்பத்து நாலு குதிரைகள் நின்ற லாயம் அது. விடிவதற்கு முன்னால் எழுந்து லத்தி அள்ள வேண்டும், மரத்தூள் பரப்ப வேண்டும், தண்ணீர் காட்டி, உடம்பைத் தேய்த்து, குளம்புக்குள் அடைந்த மணலைச் சுரண்டி எடுக்க வேண்டும். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வந்தால் சேணம் பூட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஏறுவதற்கு ஆள் வேறு.

பத்து வருஷம் இப்படியே போனது. பிறகு, குதிரைகளைப் பழக்கிக்கொண்டிருந்த ஒரு சூடான்காரர் ஜெக்கரியாவின் கையைக் கவனித்தார். கடிக்க வருகிற குதிரைகூட இவர் கழுத்தைத் தொட்டால் காதைத் தளர்த்திக்கொண்டு நின்றது. "ஏறிப் பார்" என்றார் அவர். அன்றிலிருந்து ஜெக்கரியாவும் தினம் இரண்டு மணி நேரம் ஏறினார். எல்லாம் வேலிக்குள்ளேதான். மணலில் வட்டமாகச் சுற்ற வேண்டும். எந்தக் குதிரை எத்தனை சுற்று, என்ன வேகம் என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டும் தூரம் வெட்டவெளி கிடக்கும். அந்தப் பக்கம் ஒருநாள்கூடக் குதிரையைத் திருப்பியதில்லை.

ஒருமுறை பெருநாளுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது, அவர் பால் புட்டி பிடித்து வளர்த்த குட்டி அதன் இடத்தில் இல்லை. விற்றுவிட்டார்களாம். யாருக்கு, எந்த ஊருக்கு என்று அவர் கேட்கவில்லை. அன்று அந்த வெறும் இடத்தையே இரண்டு தடவை கூட்டினார்.

நாற்பத்தெட்டு வயதில் போதும் என்று ஊர் திரும்பினார். மகள் ரிஃப்காவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. லெட்சுமாங்குடி கடைத்தெருவில் மாட்டுத் தீவனக் கடை வைத்தார். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கொள்ளு. கடைக்குத் தீவனம் வாங்க வருகிறவர்களில் ஒருவர்தான் துரைராசு. நீடாமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஆறு ஏக்கர் நெல் சாகுபடி; இரண்டு சொந்தம், மீதி குத்தகை. ஜெக்கரியாவை விட ஏழெட்டு வயது மூத்தவர். மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்ட பிறகும் போகாமல் நின்று பேசுகிற ஆள்.

ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்கு உழவு மாடு பார்க்கக் கிளம்பிய துரைராசு, "துணைக்கு வாங்க பாய்" என்று கூப்பிட்டார். அந்தச் சந்தையில் மாட்டை விடக் குதிரைக்குத்தான் கூட்டம். ஜெக்கரியா போனதும் அதனால்தான். அங்கே, ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில், தேன் நிறத்தில் ஒரு பெண்குதிரை நின்றது. நெற்றியில் அரிசி அளவு வெள்ளை. இவர் பக்கத்தில் போய் நின்றதும் மூக்கை நீட்டி இவருடைய சட்டைப் பையை மோந்து பார்த்தது. ஜெக்கரியா அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மாடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன துரைராசு திரும்பி வந்தபோது அவர் கையிலும் ஒரு குதிரைக் கயிறு இருந்தது. கட்டையான, கறுத்த, வயிறு பெருத்த ஆண்குதிரை.

"மாடு என்னண்ணே ஆச்சு?"

"மாடு அடுத்த வருஷமும் வரும் பாய்" என்றார் துரைராசு.

ஒரே லாரியில் இரண்டும் டெல்டாவுக்கு வந்தன. ஜெக்கரியா தன் குதிரைக்கு சபா என்று பெயர் வைத்தார். காலை நேரத்து இளங்காற்றுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு என்று அவருக்குச் சொன்னவர் அந்தச் சூடான்காரர். துரைராசுவின் குதிரை கூப்பிட்டால் வராது. அதற்குத் தோன்றும்போது வரும், அதுவரை எல்லாரும் காத்து நிற்க வேண்டும். ஆகவே அதற்குக் கலெக்டர் என்ற பெயர் தானாகவே அமைந்துவிட்டது.

லாரியிலிருந்து சபா இறங்குவதை மெஹராஜ் பேகம் வாசலில் நின்று பார்த்தார். ஜெக்கரியாவின் மனைவி. இருபத்தோரு வருஷத்தில் புருஷனோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம்கூடத் தேறாது என்பதை எப்போதும் மனதில் வைத்திருப்பவர்.

"அங்கே குதிரையோட இருந்தீங்க. சரி, பொழப்புன்னு இருந்தேன். இங்கே வந்தும் குதிரையா?"

"இது என் குதிரை, மெஹராஜ்."

"அப்ப நான் யாரு?"

ஜெக்கரியா கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை போட்டார். மெஹராஜ் அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்தி வைத்தார்.

மூன்றாவதாகச் சேர்ந்தவர் சுடர்விழி. நீடாமங்கலத்தில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தவர். குதிரைவண்டிப் பந்தயக்காரர் ஒருவர் கழித்துவிட்ட சாம்பல் நிறக் குதிரையை வாங்கி வைத்திருந்தார். பந்தயக்காரர் அதற்கு ராக்கெட் என்று பெயர் வைத்திருந்தார். தொடர்ந்து மூன்று பந்தயத்தில் கடைசியாக வந்ததால் விற்றுவிட்டார். "பேரை மாத்திடலாமே டீச்சர்" என்று துரைராசு சொன்னதற்கு, "வேணாம்ணே. அதுக்கு அந்தப் பேரு பிடிச்சிருக்கு" என்றார் சுடர்விழி.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரி ஆகின. ஜெக்கரியா விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, சபாவுக்குச் சேணம் பூட்டி, வெண்ணாற்றின் கரையோடு மேற்கே கிளம்புவார். மற்ற இருவரும் நீடாமங்கலத்திலிருந்து கரையோடு கிழக்கே வருவார்கள். பாதி வழியில், பாலத்தடி டீக்கடையில் சந்திப்பு. டீ குடித்துவிட்டு மூவரும் சேர்ந்து எங்கே தோன்றுகிறதோ அங்கே போவார்கள். கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும்போது ஆற்று மணலிலேயே நாலுகால் பாய்ச்சலில் விடலாம். தண்ணீர் திறந்த பிறகு கரைதான். குறுவை நடவு நேரம் சேற்று வாசனை, அறுப்பு நேரம் வைக்கோல் வாசனை. தார் ரோட்டில் குளம்பு அடிபடும் என்பதால் வாய்க்கால் கரைகளாகத் தேடித் தேடிப் போனார்கள். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிற துரைராசுவுக்கே தெரியாத பாதைகள் அகப்பட்டன. "இந்த வாய்க்கால் இங்கே வந்தா சேருது? நான் அம்பது வருஷமா வேற எங்கேயோ போகுதுன்னுல்ல நெனச்சேன்" என்பார்.

முதல் தடவை கரை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஜெக்கரியா குதிரையை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார்.

"என்ன பாய்?"

"எந்தப் பக்கம் போகணும்?"

"உங்க குதிரை. நீங்கதான் சொல்லணும்" என்றார் துரைராசு.

ஜெக்கரியா இடப்பக்கம் திருப்பினார். அந்தப் பாதை ஒரு பர்லாங்கு போய் ஒரு மோட்டார் கொட்டகையில் முடிந்தது. திரும்பி வர வேண்டியதாயிற்று. ஆனாலும் அன்று வீட்டுக்கு வருகிற வரைக்கும் அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் அது நடந்தது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. முதல் நாள் மழையில் கரை வழுக்கலாக இருந்ததால் மூன்று பேரும் வரிசையாக, மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள். வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் சம்பா வயல். அக்கரையில் யாரோ வெடி கொளுத்தினார்கள். சாதாரண வெடியில்லை, காது அடைக்கிற சத்தம். முன்னால் போன கலெக்டர் மிரண்டு சரிவில் இறங்கி வயலுக்குள் பாய்ந்தது. துரைராசு கழுத்தைக் கட்டிக்கொண்டு எப்படியோ தொற்றியிருந்தார். கலெக்டர் ஓடியதைப் பார்த்து சபாவும் பின்னால் பாய்ந்தது. வரப்பில் முன்னங்கால் இடறியது. ஜெக்கரியா தலைக்கு மேலாகப் போய், வரப்பின் மேல் தோள் பட விழுந்தார்.

சுடர்விழி ராக்கெட்டைக் கரையில் கட்டிவிட்டு ஓடி வந்தார். அவருக்கு முன்னாலேயே வேறொரு கால் சேற்றில் வேகமாக வந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த மங்களாம்பிகை. அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகச் சாகுபடி பண்ணுகிறவர். அறுபது வயது இருக்கும். ஜெக்கரியாவின் தலையைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து, தூக்குச்சட்டியிலிருந்த நீராகாரத்தை வாயில் ஊற்றினார்.

"கையை அசைக்காத தம்பி. அப்படியே இரு."

பிறகுதான் நிமிர்ந்து வயலைப் பார்த்தார். இரண்டு குதிரைகளும் சுற்றிச் சுற்றி வந்ததில் ஒரு பெரிய வீட்டின் மனையளவுக்கு நடவு சேற்றோடு சேறாகக் கிடந்தது.

"நட்டுப் பன்னெண்டு நாளு. நேத்துத்தான் பச்சை புடிச்சுது" என்றார். குரல் உயரவில்லை.

"என்ன ஆகுதோ அதைக் குடுத்துடறோம்ங்க" என்றார் துரைராசு.

"காசை நட்டா கதிரு வருமா? எனக்கு நாத்து வேணும். இந்த ஐப்பசியில எவன் வீட்டுல நாத்து இருக்கு?"

துரைராசு கலெக்டரிலிருந்து இறங்கி, மிதிபட்ட ஒரு நாற்றை எடுத்துப் பார்த்தார். "என்ன ரகம் நட்டிருக்கீங்க?"

"பிபிடி."

"என் நாத்தங்கால்ல ஒரு மூலையில மிச்சம் கெடக்குதுங்க. அதுவும் பிபிடிதான். ஆனா வயசான நாத்து."

"வயசானாப் பரவாயில்ல. குத்துக்கு அஞ்சாறு சேத்து வச்சு நடணும். ஆளுக்கு எங்கே போறது? நடவு ஆளெல்லாம் இப்ப கம்பெனி வேலைக்குப் போயாச்சு."

"நாங்க நடறோம்" என்றார் சுடர்விழி.

திருவாரூரில் படம் எடுத்துப் பார்த்ததில் ஜெக்கரியாவுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சபாவுக்கு முழங்காலில் தோல் உரிந்ததைத் தவிர ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து மெஹராஜிடம் எல்லாவற்றையும் சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. மெஹராஜ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கு நடப் போறது யாரு?"

"துரைராசு அண்ணனும் டீச்சரும்."

"மிதிச்சதுல ஒண்ணு நம்ம வீட்டுக் குதிரை. நம்ம வீட்டுலேருந்து யாரு போறது?"

மறுநாள் காலை, பிறந்ததிலிருந்து வயலில் இறங்கியிராத மெஹராஜ் பேகம், அரிசி வியாபாரி வீட்டுப் பெண், ரிஃப்காவின் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு மங்களாம்பிகையின் வயலில் நின்றார். முதல் அடியிலேயே கால் முழங்கால் வரை போனது. இன்னொரு காலை எடுக்க முடியவில்லை. மங்களாம்பிகை கைகொடுத்து இழுத்தார்.

"ஏம்மா, சேத்தோட சண்டை போடாத. வழுக்கிக்கிட்டே போ. அது விட்டுரும்."

கரையில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து ஜெக்கரியா பார்த்தார். துரைராசு வரிசையாக நட்டுப் பின்னால் வந்தார். சுடர்விழி அளவெடுத்தது போல நட்டார். மெஹராஜ் நட்டதெல்லாம் பத்து நிமிஷத்தில் மிதந்தது. "கட்டை விரலை உள்ளே அழுத்தி வை. குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி" என்று மங்களாம்பிகை அவர் கையைப் பிடித்து நடக் கற்றுக்கொடுத்தார். மத்தியானத்துக்குள் மெஹராஜின் நாற்றுகள் நின்றன. சோற்றுக்குக் கரையேறியபோது அவருடைய முகத்தில் சேறு, காதில் சேறு. ஜெக்கரியாவைப் பார்த்து, "சிரிக்காதீங்க" என்றார். ஆனால் அவரே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஆறு வாரமும் சபாவுக்குத் தீவனம் வைக்க வேறு ஆளில்லை. முதல் நாள் மெஹராஜ் கொள்ளு வாளியைத் தூர வைத்துவிட்டு ஓடி வந்தார். ஒரு வாரத்தில் பக்கத்தில் நின்று வைத்தார். கார்த்திகை மழை அடித்துப் பெய்த ஒருநாள் ஜெக்கரியா எழுந்து பார்த்தபோது, கொட்டகைப் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தது. "இடி இடிச்சா அது பயப்படுது. ஆள் தெரிஞ்சா நின்னுக்குது" என்றார் மெஹராஜ், ஏதோ மழைத் தண்ணீரைப் பற்றிப் பேசுவது போல.

எலும்பு கூடிவிட்டது. மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெக்கரியா சேணம் பூட்டி, இடது காலை அங்கவடியில் வைத்து, பிடரி மயிரைப் பிடித்தார். வலது கால் தரையை விட்டு எழவில்லை. மறுபடியும் முயன்றார். பனிக்காலத்தில் முதுகெல்லாம் வேர்த்தது. அபுதாபியில் நாலு முறை விழுந்திருக்கிறார். தூசியைத் தட்டிவிட்டு அடுத்த சுற்றுக்கு ஏறியவர்தான். அப்போது விழுந்ததெல்லாம் வேலையோடு சேர்ந்தது. இப்போது கண்ணை மூடினால் வரப்பு மேலே எழுந்து வருவது தெரிந்தது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சபாவை நடத்தியே பாலத்தடிக்குப் போனார். போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் குதிரைக்குப் பக்கத்தில் நடந்து வருவதை மற்ற இருவரும் தூரத்திலேயே பார்த்துவிட்டார்கள். காரணம் கேட்பார்கள், தைரியம் சொல்வார்கள் என்று ஜெக்கரியா உள்ளுக்குள் கூசிக்கொண்டே வந்தார். துரைராசு கலெக்டரை விட்டு இறங்கினார்.

"பாய், இன்னைக்கு நடந்தே போவமா? இவனுக்கு வயிறு பெருத்துப் போச்சு. நானும் ஏறினா தாங்க மாட்டான்."

சுடர்விழி ஏற்கெனவே இறங்கியிருந்தார்.

அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அதற்கடுத்ததும் மூன்று பேரும் மூன்று குதிரைகளைப் பிடித்துக்கொண்டு கரையோடு நடந்தார்கள். வயலில் நின்றவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "குதிரையை வச்சுக்கிட்டு ஏன்யா நடக்கிறீங்க?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "அதுங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு" என்றார் துரைராசு. யாரும் ஜெக்கரியாவை ஏறச் சொல்லவில்லை. நடந்துகொண்டே பேசினார்கள். சுடர்விழி தன் பள்ளிக் கதையைச் சொல்வார், துரைராசு விதைநெல் கதையைச் சொல்வார். குதிரை மேல் இருந்தபோது பேசியதை விட நடக்கும்போது அதிகம் பேசினார்கள்.

தை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை மெஹராஜும் கிளம்பினார். டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருந்தார். மங்களாம்பிகையின் வயலில் தான் நட்டது எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் ஆசை. பாலத்தடி வரைக்கும்கூட வர முடியவில்லை. அதற்குள் கால் கடுத்தது. ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வயலுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். நான் வேணா ஒரு ஆட்டோவுக்குப் போன் பண்றேன்" என்றார் ஜெக்கரியா.

மெஹராஜ் சபாவைப் பார்த்தார். "இது மேல ஏறி உக்காந்தா என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. உன் கையால திங்கிறதுதானே."

"அப்ப ஏத்தி விடுங்க."

மதகுச் சுவர் ஏறுவதற்குத் தோதான உயரம். ஜெக்கரியா சபாவை ஒட்டி நிறுத்தினார். மெஹராஜ் புர்காவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். சேணத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார்.

"யாராவது பாத்தா?" என்றார் ஜெக்கரியா.

"பாத்தா பாக்கட்டும். நீங்க நடங்க."

ஜெக்கரியா கயிற்றைப் பிடித்து நடந்தார். எத்தனையோ பேரை இப்படி ஏற்றி வைத்துக் கயிறு பிடித்து நடந்திருக்கிறார். யாரையும் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் மெஹராஜ் கண்ணை மூடியிருந்தார். பிறகு திறந்தார். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. அக்கரைத் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது, தெரியுமா என்றார். கொக்கு இத்தனை உட்கார்ந்திருக்கிறது என்றார். தூரத்தில் ரயில் போவது தெரிகிறது, பெட்டியை எண்ணிவிடலாம் என்றார்.

"பயமா இல்லையா?"

"இருக்கு" என்றார் மெஹராஜ். "அதுக்காக இறங்கணுமா?"

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்; அவர் மனம் அப்போது கொக்கில் இருந்தது. 

மங்களாம்பிகையின் வயலில் கதிர் முற்றிப் பழுத்துச் சாய்ந்திருந்தது. நடுவில் ஒரு திட்டு மட்டும் இன்னும் பச்சையாக நின்றது. குதிரைகள் மிதித்த இடம். இவர்கள் நட்ட இடம். மெஹராஜ் இறங்கி வரப்போடு போனார். மங்களாம்பிகை எதிரே வந்தார். இருவரும் பச்சைத் திட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசத் தொடங்கினார்கள். "மெஷின் வர்றப்ப இதை மட்டும் விட்டுட்டு அறுக்கச் சொல்லணும். இது இன்னும் இருவது நாள் நிக்கணும். கையாலதான் அறுக்கணும்." "நான் வரேங்கா." "அருவா புடிப்பியா?" "நாத்து புடிச்சேன்ல?" குரல்கள் வரப்பிலிருந்து மிதந்து வந்தன.

கரையில் ஜெக்கரியாவும் சபாவும் மட்டும் நின்றார்கள். சபா அவருடைய சட்டைப் பையை மோந்தது. அவர் சேணத்தின் வாரை ஒரு துளை இறுக்கினார். இடது காலை அங்கவடியில் வைத்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, உந்தினார்.

மேலே இருந்தார். சபா ஓரடி பின்வாங்கி நின்றது.  முன்னே ஐம்பது அடி நடத்தினார், திருப்பினார், மறுபடியும் நடத்தினார். வயலும் ஆறும் மெஹராஜ் சொன்ன குளமும் தெரிந்தன. வயலில் நின்ற இரண்டு பெண்களும் திரும்பிப் பார்க்கவேயில்லை. அது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

மேற்கேயிருந்து துரைராசுவும் சுடர்விழியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். இவரைப் பார்த்ததும் நின்றார்கள். சுடர்விழி வாயைத் திறந்தார். துரைராசு அவர் முழங்கையை மெல்லத் தொட்டார்.

"நல்லதாப் போச்சு பாய்" என்றார் துரைராசு, கலெக்டர் மேல் ஏறிக்கொண்டே. "நடந்து நடந்து என் செருப்பு தேஞ்சு போச்சு."

மாசியில் அறுவடை முடிந்தது. மெஷின் வந்து பழுத்ததை அறுத்தது. பச்சைத் திட்டு காத்திருந்து பழுத்தது. அதை மெஹராஜும் மங்களாம்பிகையும் சுடர்விழியும் ஒரே காலையில் கையால் அறுத்தார்கள். மெஹராஜின் விரலில் ஒரு வெட்டு விழுந்தது. அதை அவர் பத்து நாளைக்கு எல்லாருக்கும் காட்டினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இதுவரை போகாத தூரம் போனார்கள். நீடாமங்கலத்தையும் தாண்டி, மூணாறு தலைப்பு வரைக்கும். வெண்ணாறு வந்து, அங்கே மூன்றாகப் பிரிகிறது. வெண்ணாறாகவே ஒன்று, கோரையாறு ஒன்று, பாமணியாறு ஒன்று. மெஹராஜ் பஸ்ஸில் முன்னாலேயே வந்து, மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மங்களாம்பிகை; வழியில் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டாராம். தூக்குச்சட்டியில் புதுநெல் அரிசிச் சோறும், அதில் ஊற்றிக்கொள்ள மெஹராஜ் வைத்த மீன் ஆணமும் இருந்தன. மங்களாம்பிகை அன்று விரதம் என்று தயிர் மட்டும் ஊற்றிக்கொண்டார்.

மேட்டூர் அணையை அடைத்த பிறகு மதகுக்கு அடியில் தேங்கியிருந்த தெளிந்த தண்ணீரில் மூன்று குதிரைகளும் வரிசையாக நின்று குடித்தன. கலெக்டர் குடித்து முடிக்கிற வரைக்கும் மற்றவை காத்து நின்றன. துரைராசு சாப்பிட்ட மயக்கத்தில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். சுடர்விழி ராக்கெட்டின் குளம்பில் ஏறியிருந்த கல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.

"போறப்ப கொஞ்ச தூரம் நான் ஏறி வரட்டுமா?" என்று மெஹராஜ் கேட்டார்.

"வா. நான் கயிறு பிடிக்கிறேன்."

"கயிறு வேணாம். கடிவாளத்தை எங்கிட்ட குடுங்க. நீங்க பக்கத்துல வந்தாப் போதும்."

ஜெக்கரியா சபாவைக் கரையேற்றிக் கொண்டுவந்து, ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மெஹராஜ் ஏறி உட்கார்ந்ததும் கடிவாளத்தை அவர் விரல்களுக்கிடையில் எப்படி ஓட விட வேண்டும் என்று ஒருமுறை காட்டினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். வெயில் தணிந்திருந்தது. அறுத்த தாள்களுக்கு இடையில் தெளித்த உளுந்து எங்கும் இரண்டிலை விட்டிருந்தது. மெஹராஜ் இரு பக்கமும் பார்த்துவிட்டு, கோரையாற்றங்கரைப் பக்கம் சபாவைத் திருப்பினார். அது வீட்டுக்குப் போகிற வழி இல்லை. ஜெக்கரியா கூடவே நடந்தார்.